மிச்சமிருக்கும் சுவர்களையாவது விட்டுவையுங்கள்

எங்கள் ஊர்க் குவான் கோங் கோயில் நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். உங்கள் கோயிலின் பின்தெருவில் பிறந்து வளர்ந்த மலேசியத் தமிழன் நான். புகையில் கறுத்த சுவரோவியங்களைப் புதுப்பிக்கவே சீரமைப்பைத் தொடங்கினீர்கள்; ஆனால் வலப்புறச் சுவரின் பழைய ஓவியத்தின்மேல் புதுச் சாயத்தைப் பூசிவிட்டீர்கள். மற்ற சுவர்களில் சாயம் பூசுவதை உடனே நிறுத்திவைக்குமாறு கேட்கவே எழுதுகிறேன்.

வலப்புறச் சுவரில், நஞ்சம்பு பாய்ந்த கையை மருத்துவர் ஹுவா தோ கீறி எலும்பைச் சுரண்ட, பின்னாளில் சாமியாக வணங்கப்பட்ட பழஞ்சீனத் தளபதி குவான் கோங் மறுகையால் பலகையில் காய் வைத்து விளையாடிக்கொண்டிருந்தார். இரு விரல்களுக்கிடையே ஒரு கறுப்புக் காய். இரத்தத்தை ஏந்திய கிண்ணம். அதைப் பிடித்திருந்த பையன் மட்டும் பார்க்கமாட்டாமல் முகத்தைத் திருப்பியிருப்பான். வரைந்தவர் வலி முழுவதையும் அந்தச் சின்ன முகத்தில்தான் வைத்திருந்தார். சென்ற வாரம் போய்ப் பார்த்தால், பளபளக்கும் புதுச் சாயத்தில் காயும் இல்லை, கிண்ணமும் இல்லை. பையன் நேராகப் பார்த்துச் சிரிக்கிறான்.

போரில் தோற்றுத் தலையை இழந்த ஒரு தளபதியை, பல நூற்றாண்டுகள் கழித்து, 1614இல் மிங் பேரரசர் வான்லி பேரரசர் பட்டம் தந்து போற்றினார் என்றால், அது வெற்றிக்காக அல்ல, தம் தலைவர் லியூ பெய்க்குக் கொடுத்த வாக்கை அந்தத் தளபதி கைவிடாததற்காக. சீன எழுத்து அறியாத எனக்கு அதைச் சொல்லித்தந்தவை உங்கள் சுவர்களே.

ஊதுபத்திப் புகை படிந்து ஓவியங்கள் கறுத்துவிட்டன என்கிறீர்கள், உண்மைதான். ஆனால் கரியைப் பொறுமையாக நீக்கலாம். சுண்ணாம்புச் சுவரில் பிளாஸ்டிக் சாயம் பூசினாலோ, ஈரம் வெளியேற வழியின்றிச் சுவர் உப்பி, பூச்சு உரியும்போது அடியிலுள்ள பழைய வண்ணத்தையும் பிய்த்துக்கொண்டு வரும். மலாக்காவின் செங் ஹூன் தெங் கோயிலைப் பழைமை கெடாமல் புதுப்பித்ததற்கு 2002இல் யுனெஸ்கோ விருது கிடைத்தது. அது நம் நாட்டிலேயே நடந்த வேலை. கூரை விளக்குகளுக்குக் கிடைத்த நிதி, ஓவியம் அறிந்த ஒருவரை அழைத்துவர மட்டும் ஏன் கிடைக்கவில்லை? இந்தக் கேடு உங்களோடு நிற்பதுமில்லை. எங்கள் கோயில்களிலும் கும்பாபிஷேகம் வந்தாலே பழைய சுதை உருவங்கள்மீது எனாமலைக் கொட்டுகிறார்கள். அங்கும் கேட்டேன், ஒருவரும் செவிசாய்க்கவில்லை.

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சீன நாட்காட்டியின் ஆறாம் மாதம் 24ஆம் நாள் வரும் சாமியின் பிறந்தநாளுக்குள் வேலையை முடிக்க விரைகிறீர்கள் என அறிவேன். பீச் தோட்டத்தில் குவான் கோங், லியூ பெய், ஜாங் ஃபெய் மூவரும் சகோதரர்களாக உறுதியேற்கும் இடப்புறச் சுவரை மட்டுமாவது, தகுந்தவர் வந்து பார்க்கும்வரை தொடாமல் வைத்திருக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பின்தெருவாசி ஒருவன்