பனிக்கு முன்னால் ஒரு வார்த்தை

ஊட்டி தோட்டக் குழுவினருக்கு வணக்கம். வடகிழக்கு மழை ஓய்ந்து வானம் பளிச்சென்று தெளிந்தாலே நமக்குப் பயம்தான், மேகமும் காற்றும் இல்லாத இரவில்தான் உறைபனி கொட்டும், அதுவும் தலைகுந்தா, காந்தல் மாதிரி பள்ளமான இடங்களில் குளிர்காற்று இறங்கித் தங்கிவிடுவதால் மேட்டில் இருப்பவர்களைவிட அங்கே சேதம் அதிகம். அதனால் ஜெரேனியம், ஃபியூஷியா தொட்டிகளை இந்த வாரமே தாழ்வாரத்துக்குள் நகர்த்துங்கள். நகர்த்த முடியாததைச் சாயங்காலமே சாக்கு போட்டு மூடுங்கள், தாவரவியல் பூங்காவில் கோத்தகிரி மிலார் என்ற செடிகளை வைத்துப் பூச்செடிகளை மறைப்பார்களே, அதே வேலைதான். பிளாஸ்டிக் தாள் இலையில் ஒட்டினால் ஒட்டிய இடமெல்லாம் கருகும், போன வருஷம் என் டேலியா அப்படித்தான் போச்சு (திட்டு இன்னும் வாங்கிக்கொண்டிருக்கிறேன்).

பனி விழுந்த காலையில் வெயில் படுவதற்கு முன் இலைமேல் தண்ணீர் தெளித்துவிடுங்கள். கருகிய கிளையைப் பார்த்ததும் கத்தரியை எடுக்க வேண்டாம், பிப்ரவரி கடைசி வரை அப்படியே இருக்கட்டும், உள்ளே இருக்கும் குருத்துக்கு அதுதான் போர்வை. கேரட், முட்டைக்கோஸ் ஓரளவு தாங்கும். உருளையும் பீன்ஸும் தாங்காது.

அப்புறம், பழைய சாக்கு மிச்சம் இருப்பவர்கள் குழுவில் சொல்லுங்கள், வந்து வாங்கிக்கொள்கிறேன்.