கடன் பதிவும் தோட்டப்புற இளைஞர்களும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வீட்டுக் கடன் மறுக்கப்பட்டதும் வங்கியைத் திட்டும் எங்கள் சுங்கை சிப்புட் வட்டார இளைஞர்களில் பலர், மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் சிசிரிஸ் என்னும் கடன் பதிவேட்டில் தங்கள் பெயருக்கு நேரே என்ன இருக்கிறது என்று ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. கடந்த 12 மாதத் தவணைகளும் அதில் மாதவாரியாக நிற்கும்; ஒழுங்காகக் கட்டிய மாதத்துக்கு 0, ஒரு மாதம் பாக்கி விழுந்தால் 1. (சுழியம் வாங்கினால் தேர்ச்சி பெறும் பரீட்சை இது ஒன்றுதான்!) அரசாங்கப் பணம்தானே என்று கிடப்பில் போடப்படும், பி.டி.பி.டி.என். என்னும் அரசாங்க உயர்கல்வி நிதிக் கழகத்தின் கல்விக் கடனும் அங்கே ஏறிவிடும்.

கடனே வாங்கியதில்லை என்று தோட்டத்துப் பெரியவர்கள் பெருமைப்படுவது நியாயமே; ஆனால், பதிவே இல்லாத ஒருவரை எடைபோட வங்கியிடம் எதுவும் இருப்பதில்லை. கிரெடிட் கார்டில் பெட்ரோலுக்கு மட்டும் செலவிட்டு, மாதந்தோறும் முழுத்தொகையையும் தவறாமல் அடைத்து வருபவருக்கு, சிடோஸ் என்னும் தனியார் நிறுவனம் 300 முதல் 850 வரை கணக்கிடும் கடன் நம்பகப் புள்ளி மெல்ல உயர வாய்ப்புண்டு. குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் வட்டிதான் வளரும்.

சிசிரிஸ் அறிக்கையை இணையத்தில் கட்டணமின்றிப் பெறலாம். பேங்க் நெகாரா அமைத்த ஏகேபிகே முகமை வழங்கும் கடன் ஆலோசனையும் இலவசமே. ஆலய மண்டபத்தில் ஒரு ஞாயிறு காலையை இதற்கென ஒதுக்கி, கைப்பேசியிலேயே அறிக்கையை எடுத்து வாசிக்கக் கற்றுக்கொடுக்குமாறு இங்குள்ள பொது இயக்கங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

வாசகர்,
சுங்கை சிப்புட், பேராக்