புது ஆபீசுக்கு வரும் வழி

எல்லோருக்கும் வணக்கம். திங்கள் முதல் நம் ஆபீஸ் மதுரை மேல மாசி வீதியில். தேனி, திண்டுக்கல் பக்கத்தவர்கள் ஆரப்பாளையத்திலும், திருச்சி, மேலூர் பக்கத்தவர்கள் மாட்டுத்தாவணியிலும் இறங்கி, பெரியார் பஸ் ஸ்டாண்ட் போகும் டவுன் பஸ்ஸைப் பிடியுங்கள். சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்குக் காசு கிடையாது. அப்புறம் நடைதான். ரயிலில் வந்தால் இன்னும் சுலபம்: ஜங்ஷன் வாசலுக்கு எதிரே டவுன்ஹால் ரோடு, பெருமாள் தெப்பக்குளத்தைத் தாண்டி நேராக நடந்தால் மேல மாசி வீதி.

கார் வேண்டாம் என்பேன். போன வாரம் நிறுத்த இடம் தேடி முக்கால் மணி நேரம் சுற்றினேன். கடைசியில் ஜங்ஷனில் போட்டுவிட்டு நடந்ததில் சட்டை நனைந்ததுதான் மிச்சம். மேப் காட்டுகிறதே என்று மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றியுள்ள சித்திரை வீதிப் பக்கம் திருப்பிவிடாதீர்கள், உள்ளே வண்டி விடமாட்டார்கள்.