ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ கம்பெனி முதலாளிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதலாளிகளுக்கு வணக்கம்.

பேரணாம்பட்டுப் பக்கத்துக் கிராமத்திலிருந்து விடியற்காலை கம்பெனி வேன் ஏறி வருகிறவள் நான். பதினாறு வருஷமாக ஷூவுக்கு அப்பர், அதாவது மேல்பாகம் தைக்கிறேன். தொழிலாளர் குழுவுக்கு எங்கள் ஆட்களை நாங்களே தேர்ந்தெடுக்க விடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

முன்பு வேலை பார்த்த இடத்தில், பசை தடவும் மேசைக்கு மேலே இருந்த எக்ஸாஸ்ட் ஃபேன் நின்றுபோனது. நெடி மண்டைக்கு ஏறும். சூப்பர்வைசரிடம் சொன்னோம். "மேலே சொல்லியாச்சும்மா" என்றார். பத்து நாள் அப்படியே கிடந்தது. அந்த வாரம் வெளிநாட்டு ஆர்டர்காரர்கள் தணிக்கைக்கு வந்தார்கள். நோட்டீஸ் போர்டில் தொழிலாளர் கமிட்டி என்று ஒரு பட்டியல் ஏறியது. மூன்றாவது பெயர் என்னுடையது! யாரும் எனக்கு ஓட்டுப் போடவில்லை, ஒரு கூட்டத்துக்கும் என்னைக் கூப்பிட்டதில்லை. ஹெச்.ஆர். நீட்டிய மினிட்ஸ் நோட்டில் நான்கு கூட்டத்துக்கும் ஒரே மூச்சில் கையெழுத்துப் போட்டேன். நினைத்தால் இன்றும் மனசு கூசுகிறது.

நிர்வாகத்தில் தொழிலாளிக்குப் பங்கு வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 43அ பிரிவே சொல்கிறது. 1976-ல் சேர்த்தார்கள். நம் ஷூ போய்ச் சேருகிற ஜெர்மனியில் அதே 1976-ல், 2,000 பேருக்கு மேல் வேலை செய்யும் கம்பெனிகளின் மேற்பார்வைக் குழுவில் பாதி இடம் தொழிலாளர் பக்கத்துக்கு என்று சட்டமே போட்டுவிட்டார்கள். அவ்வளவு பெரிதாக நான் கேட்கவில்லை.

2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பில் இருப்பதைச் செய்தால் போதும். 20 பேர் வேலை செய்கிற இடத்திலேயே குறைதீர்க்கும் குழு கட்டாயம். இரு தரப்பிலும் சம எண்ணிக்கையில் ஆட்கள், மொத்தம் 10 பேருக்கு மிகாமல். ஒரு வருஷம் நிர்வாகத்தின் ஆள் தலைவர் என்றால் மறு வருஷம் தொழிலாளி. 30 நாளில் விசாரணையை முடிக்க வேண்டும். வேலைக்கு வருகிறவர்களில் பெண்கள் எத்தனை பங்கோ, குழுவிலும் அதற்குக் குறையக் கூடாது. எங்கள் தையல் லைன்களில் முக்கால்வாசி நாங்கள்தானே?

அந்தக் குழுவில் எங்கள் தரப்பு ஆட்களை நாங்களே தேர்ந்தெடுக்க விடுங்கள். கூட்டத்தில் பேசியதைத் தமிழிலும் உருதுவிலும் போர்டில் ஒட்டுங்கள். கேன்டீன் டீயோடு பேச்சை நிறுத்தாமல் டார்கெட், ஓவர்டைம், பசை நெடி எல்லாம் அங்கே பேசப்பட வேண்டும். ஃபேன் நின்ற அன்றே எங்களுக்குத் தெரியும், உங்களுக்குத்தான் தெரியவில்லை.

அடுத்த மாதமே ஓட்டெடுப்பு வையுங்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அரை மணி போதும். ஓட்டுப் பெட்டிக்கு ஒரு ஷூ அட்டைப்பெட்டி போதும்.

இப்படிக்கு,
அப்பர் தையல் லைனில் ஒருத்தி