சோறு வைக்கும் கைக்குத்தான் பூனை பிடிபடும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு உங்கள் வாசகர் பகுதியில் வெள்ளவத்தை அன்பர் ஒருவர் எழுதிய கடிதத்தை வாசித்தேன். தெருப் பூனைகளுக்குச் சாப்பாடு வைப்பவர்களால்தான் ஒழுங்கைகளில் பூனை பெருகுகிறது, அப்படிப்பட்டவர்களுக்கு மாநகர சபை தண்டம் விதிக்க வேண்டும் என்று கேட்டிருந்தார். தன் பேரப்பிள்ளையின் கையைப் பூனையொன்று பிறாண்டிவிட்டதாகவும் எழுதியிருந்தார். பிள்ளைக்கு இரத்தம் வந்தால் எந்தப் பெரியவருக்கும் பதறத்தான் செய்யும். அந்தப் பதற்றத்தை மதித்தே எழுதுகிறேன். ஆனால் அவர் கேட்கும் தண்டம் வந்தால் எங்கள் ஒழுங்கைப் பிள்ளைகளுக்கு ஆபத்து கூடுமே தவிரக் குறையாது.

நான் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் போட்டோக்கொப்பிக் கடை நடத்துகிறேன். மேல் மாடியில் குடியிருக்கிறேன். கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்க வருபவர்கள், பிறப்புச் சான்றிதழ் கொப்பி எடுப்பவர்கள், ரியூட்டரிப் பிள்ளைகள், இவர்கள்தான் என் வாடிக்கையாளர்கள். கடை வாசலில் ஒரு பெண் பூனைக்கு வருடக்கணக்காகச் சாப்பாடு வைக்கிறேன். வெள்ளை உடம்பு, மூக்கைச் சுற்றியும் வால் நுனியிலும் கறுப்பு. இயந்திரத்துக்கு மை மாற்றும்போது என் கையிலும் அதே மாதிரிக் கறை படிந்திருப்பதைப் பார்த்த பிள்ளைகள் அதற்கு 'டோனர்' என்று பெயர் வைத்தார்கள். இப்போது ஒழுங்கை முழுவதற்கும் அது டோனர்தான்.

2022 மார்ச் மாதக் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்றது வாசகர்களுக்கு நினைவிருக்கும். கடதாசிக்கும் தட்டுப்பாடு. மேல் மாகாணப் பாடசாலைகளில் தவணைப் பரீட்சையையே தள்ளிப்போட்டார்கள். கொப்பி எடுக்க மின்சாரமும் இல்லை, தாளும் இல்லை. கடைக்குள் புழுக்கம் தாங்காமல் வாசற்படியில் உட்கார்ந்திருப்பேன். அப்போதுதான் எதிர் மதிலின் மேல் இந்தக் குட்டி என்னையே பார்த்துக்கொண்டிருக்கும். விலா எலும்பு எண்ணலாம். காலி வீதிச் சாப்பாட்டுக் கடைகள் பாதி எரிவாயு இல்லாமல் மூடிக் கிடந்தன. அவற்றின் பின்பக்கத்து வாளிகளை நம்பியிருந்த நாயும் பூனையும் அந்த மாதங்களில் என்ன பாடு பட்டன என்பதை இந்தத் தெருவில் இருந்தவர்கள் கண்டோம். மனிதர்களே வரிசையில் நின்ற காலம். ஆனாலும் என் தட்டில் ஒரு மீன் தலை மிஞ்சத்தான் செய்தது.

பூனையைப் பழக்க விரும்புகிறவர்கள் முதலில் அதைத் துரத்திப் பிடிக்கும் எண்ணத்தை விட வேண்டும். நான் தட்டை வைத்துவிட்டு விலகி, பக்கவாட்டில் திரும்பி உட்காருவேன். நேருக்கு நேர் முறைத்துப் பார்ப்பதைப் பூனை சண்டைக்கு அழைப்பதாக எடுத்துக்கொள்ளும். கண்ணை மெல்ல மூடித் திறந்தால் அது தானும் மூடித் திறக்கும். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் இதை ஆராய்ந்து 2020இல் வெளியிட்டிருக்கிறார்கள். அப்படிக் கண் சிமிட்டும் மனிதரைப் பூனை நெருங்கி வரும் வாய்ப்பு அதிகமாம். தட்டை ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கடைப் பக்கம் நகர்த்தினேன். ஒருநாள் மழையில் தானாகவே உள்ளே வந்து, சூடாக இருந்த இயந்திரத்தின் மேல் ஏறிப் படுத்தது. அதன் பின் முதுகைத் தடவ விட்டது. பிறகு தூக்க விட்டது.

இந்தத் தூக்க விட்டதைத்தான் கடிதம் எழுதிய அன்பர் கவனிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பூனை நாலைந்து மாதத்திலேயே சினைப்படக்கூடியது. ஏறக்குறைய ஒன்பது வாரத்தில் குட்டி போடும். குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மறுபடியும் சினைப்படும். இந்தப் பெருக்கத்தை நிறுத்தத் தண்டத்தால் முடியாது, சத்திரசிகிச்சையால்தான் முடியும். சத்திரசிகிச்சைக்குப் பூனையைப் பிடிக்க வேண்டும். யாருக்குப் பிடிபடும்? நாளாந்தம் ஒரே நேரத்தில் தட்டோடு வருகிறவருக்குத்தான். மாநகர சபை வண்டியில் வலையோடு வருகிறவரைக் கண்டால் அது கூரை மேல் நிற்கும். சோறு வைப்பவர்களைத் தண்டம் போட்டுத் துரத்தினால், பூனையைத் தொடக்கூடிய ஒரே ஆளையும் துரத்தியதாகிவிடும்.

டோனரை மிருக வைத்தியரிடம் கொண்டுபோனது ஏ-4 தாள் வரும் மட்டைப் பெட்டியில். அந்தப் பெட்டி தடிப்பானது, மூடியும் உண்டு. பக்கங்களில் காற்றுத் துளைகள் போட்டு, அடியில் பழைய சாரத் துணி விரித்து, மூடியை நாடாவால் சுற்றிக் கட்டினேன். முன்னதாகவே சில நாட்கள் அந்தப் பெட்டிக்குள் தட்டை வைத்துப் பழக்கியிருந்தபடியால் தானாகவே உள்ளே போனது. ஓட்டோக்காரர் சிங்களவர், வழமையாக என் கடைக்குத் தாள் ஏற்றி வருபவர். போகும்போது ஒன்றும் கேட்கவில்லை. திரும்பி வரும்போது பெட்டியைத் தன் மடியில் வைத்துக்கொள்ளட்டுமா என்று மட்டும் கேட்டார். ஓட்டுவது யார் என்று நான் கேட்டேன். சிரித்துவிட்டுக் கூலியில் பாதியைத்தான் வாங்கினார். சிகிச்சைச் செலவுக்கு ரியூட்டரிப் பிள்ளைகள் ஒரு பால்மா டின்னைக் கடை மேசையில் வைத்து மிச்சச் சில்லறையைப் போட்டுச் சேர்த்தார்கள். மீதியை நான் போட்டேன்.

மயக்கத்தில் இருக்கும்போதே இடது காதின் நுனியை வைத்தியர் சிறிதளவு நேராக வெட்டிவிட்டார். பார்க்கக் கவலையாக இருந்தாலும் இது பல நாடுகளிலும் உள்ள வழக்கம். கருத்தடை செய்த பூனை என்று தூரத்திலேயே தெரியும், இன்னொருவர் பிடித்து மறுபடியும் வயிற்றைத் திறக்க மாட்டார். அதே நாளில் விசர்நோய்த் தடுப்பூசியும் போட்டார்கள். அந்த ஊசியை வைத்தியர் சொன்ன தவணைப்படி போட்டு வருகிறேன். அட்டை என் கடை லாச்சியில் இருக்கிறது, யாரும் வந்து பார்க்கலாம். டோனர் ஒரு குட்டிகூடப் போடவில்லை.

சாப்பாடு வைப்பவர்கள் எல்லோரும் ஒழுங்காக வைக்கிறார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. இதில் அன்பரின் முறைப்பாட்டில் உண்மை உண்டு. மிச்சச் சோற்றையும் கறியையும் மதில் ஓரத்தில் கொட்டிவிட்டுப் போவது பூனைக்குச் செய்யும் புண்ணியம் அல்ல. காலையில் காகம் கிளறும், இரவில் எலி வரும், பக்கத்து வீட்டாருக்கு நாற்றம். நான் ஒரு பழைய சட்டி மூடியில் வைக்கிறேன், காலை கடை திறக்கும்போது ஒருமுறை, மாலை ஒருமுறை. பக்கத்தில் நின்று, தின்று முடிந்ததும் மூடியை எடுத்துக் கழுவி, நிலத்துக்கும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிவிடுவேன். தண்ணீர்ச் சிரட்டையைத் தினமும் உரஞ்சிக் கழுவி மாற்றுவேன். கொழும்பில் டெங்கு எப்படி என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. நுளம்பின் முட்டை பாத்திரத்தின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும், தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போகாது. சுகாதாரப் பரிசோதகர் என் வாசலைப் பார்த்துவிட்டு ஒரு சொல்லும் சொல்லாமல் போயிருக்கிறார்.

என்ன கொடுப்பது என்பதிலும் பலருக்குத் தெளிவில்லை. பூனை மாமிசம் தின்னப் பிறந்த சீவன். டோரீன் என்ற சத்து அதற்குக் கட்டாயம் வேண்டும், அது இறைச்சியிலும் மீனிலும்தான் உண்டு. அது குறைந்தால் கண் பார்வை போகும், இருதயமும் பலவீனப்படும். வெறும் சோறும் பருப்பும் வைத்தால் வயிறு நிறையும், உயிர் தேயும். நான் சூடை மீனை உப்பு, தூள், வெங்காயம் ஒன்றும் போடாமல் அவித்து, முள்ளை எடுத்து, கொஞ்சச் சோற்றோடு பிசைகிறேன். சைக்கிளில் வரும் மீன்காரர் நசிந்த மீனைத் தனியாக ஒரு பையில் போட்டு வைத்து, "மேக்க பூசாட்ட", இது பூனைக்கு என்று சிங்களத்தில் சொல்லித் தருவார். காசு வாங்க மாட்டார். கைக்கு வசதியான மாதத்தில் கடையில் விற்கும் பூனை உணவும் வாங்குவேன், அதில் சத்துகள் அளவாகச் சேர்த்திருக்கும். பால் வைக்காதீர்கள், வளர்ந்த பூனைகள் பலவற்றுக்கு அது செரிக்காது, வயிற்றால் போகும். வெங்காயமும் உள்ளியும் போட்ட கறி பூனையின் இரத்தத்தைக் கெடுக்கும். சமைத்த கோழி எலும்பு உடைந்து தொண்டையிலும் குடலிலும் குத்தும். எல்லாவற்றிலும் முக்கியமானது: பூனைக்குக் காய்ச்சல் என்று நினைத்து பரசிற்றமோல் கொடுக்காதீர்கள். எங்களுக்குச் சாதாரணமான அந்தக் குளிசை பூனையைக் கொன்றுவிடும். அடுத்த ஒழுங்கையில் நல்ல மனது உள்ள ஒருவர் அரைக் குளிசை கரைத்துப் பருக்கியதும் அந்தப் பூனை மூச்சு இழுத்து இறந்ததும் இன்றும் எனக்கு வேதனை.

இனிப் பேரப்பிள்ளையின் விடயம். விசர்நோய் நாயால் மட்டும் வருவதில்லை, பூனையாலும் வரும். நோயின் அறிகுறி வெளிப்பட்டபின் ஒருவரைக் காப்பாற்றுவது ஏறக்குறைய இயலாது. ஆகவே எந்தப் பூனை கடித்தாலும் பிறாண்டினாலும், ஊசி போட்ட பூனை என்று யார் சொன்னாலும், ஓடுகிற தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் காயத்தைக் கழுவி, அன்றைக்கே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அங்கே ஊசி இலவசம். கோப்பித்தூள், மஞ்சள் என்று காயத்தில் எதையும் அப்ப வேண்டாம். என் கடைக்கு வரும் சிறுபிள்ளைகளுக்கு நான் சொல்லி வைத்திருப்பது: சாப்பிடும்போது தொடாதே, குட்டி வைத்திருக்கும்போது கிட்டப் போகாதே, வாலைப் பிடிக்காதே. ஒரு சின்னவள் கேட்டாள், "அன்ரி, டோனருக்கு ஊசி போட்டதுதானே, அப்ப கடிச்சா ஒண்டும் செய்யாதோ?" கடிச்சா உடனே அம்மாட்டச் சொல்லு என்றேன். கர்ப்பிணிகள் பூனையின் மலத்தைக் கையாளாமல் இருப்பதும் நல்லது, அதில் குழந்தையைப் பாதிக்கும் கிருமி இருக்கலாம்.

சிலர் இதைவிடச் சுலபமான வழி கண்டிருக்கிறார்கள். குட்டிகளைச் சாக்கில் கட்டி, சந்தைப் பக்கமோ தண்டவாளத்துக்கு அப்பாலோ கொண்டுபோய் விடுவது. பால்குடி மறவாத குட்டிகள் மரைன் டிரைவ் கற்களுக்கு நடுவே கத்திக்கொண்டு கிடந்ததை நான் கண்டிருக்கிறேன். யார் செய்தது என்று தெரியும். பெயர் சொல்ல மாட்டேன். கோயிலுக்கு ஒழுங்காகப் போகும் மனிதர்கள் இதை எந்த மனதோடு செய்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. விலங்கு வதைக்கு எதிராக 1907இல் ஆங்கிலேயர் காலத்தில் போட்ட சட்டத்தில் தண்டம் ஆகக் கூடியது நூறு ரூபாய். இன்று அந்தக் காசுக்கு என் கடையில் சில பக்கங்கள்தான் கொப்பி எடுக்கலாம். புதிய விலங்கு நலச் சட்டம் பற்றி எத்தனையோ வருடமாகப் பேச்சு மட்டும் நடக்கிறது. தண்டம் கேட்பதென்றால் அங்கே கேட்போம்.

அதோடு, ஒரு தெருவில் இருக்கும் பூனைகளை ஏற்றிக்கொண்டு போனால் அந்த இடம் வெறுமையாக இராது. காலி வீதிச் சாப்பாட்டுக் கடைகளின் குப்பையும் சந்தையின் மீன் கழிவும் இருக்கும் வரை, ஊசி போடாத, கருத்தடை செய்யாத, யாருக்கும் பழக்கமில்லாத வேறு பூனைகள் வந்து சேரும். இருக்கும் பூனைகளைச் சிகிச்சை செய்து அங்கேயே விடுவதுதான் நிலைக்கும் வழி. நாய் விடயத்தில் கொழும்பு இதைச் செய்து பார்த்த நகரம். 2006இல் தெருநாய்களைக் கொல்வதில்லை என்று அரசு கொள்கை எடுத்தது. 2007 முதல் புளூ போ ட்ரஸ்ட் என்ற தொண்டு அமைப்பு மாநகர சபையோடு சேர்ந்து தெருநாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்தது. நாய்க்கு முடிந்தது பூனைக்கு ஏன் முடியாது?

மாநகர சபையின் மிருக வைத்தியப் பிரிவிடம் நான் கேட்பது பெரிய காரியம் அல்ல. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கிருலப்பனை போன்ற இடங்களில் ஞாயிற்றுக்கிழமைகளில் பூனைகளுக்கென்று கருத்தடை முகாம் வையுங்கள். தனியார் மிருக வைத்தியரிடம் போகக் காசில்லாமல்தான் பலர் சாப்பாட்டோடு நின்றுவிடுகிறார்கள். எங்கள் ஒழுங்கையில் மட்டும் சாப்பாடு வைப்பவர்கள் பலரை எனக்குத் தெரியும்: ஒரு தொடர்மாடியின் காவலாளித் தம்பி, ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர், மீன் கழுவும் அக்கா. பிடித்துத் தருவதும் சிகிச்சைக்குப் பின் வீட்டில் வைத்துப் பார்ப்பதும் எங்கள் பொறுப்பு. அந்த அன்பரும் வர வேண்டும். அவருடைய வீட்டுப் பக்கத்துப் பூனை எது என்று அவருக்குத்தான் தெரியும்.

முகாமுக்கு நாள் குறித்தால், அறிவித்தலைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் அடித்து, ஒவ்வொரு ஒழுங்கைக்கும் வேண்டிய கொப்பிகளைக் காசு வாங்காமல் எடுத்துத் தருகிறேன். ஏ-4 பெட்டிகளும் தாராளமாக இருக்கின்றன, துளை போட்டே தருவேன். கடை காலை எட்டு மணிக்குத் திறக்கும்.

இப்படிக்கு,
போட்டோக்கொப்பிக் கடைக்காரி,
வெள்ளவத்தை, கொழும்பு 06.