தராசு அசையவில்லை என்று எழுதிய சின்னக்காவுக்கு

அன்புள்ள சின்னக்கா,

மார்கழியில் 86 கிலோ, சித்திரை முடிவதற்குள் 79, அதற்குப் பிறகு ஆவணி வந்தும் 78ஐ விட்டு அசையவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அதோடு நிறுத்தியிருந்தால் ஆறுதல் சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்திருப்பேன். "இனி இரவில் சாப்பாடே இல்லை, இரண்டு பிஸ்கற்றும் ரீயும் போதும்" என்ற கடைசி வரிதான் என்னை இவ்வளவு நீளமாக எழுத வைக்கிறது. ஊரறிய எழுதுவதற்குக் கோபிக்க வேண்டாம். இதே முறைப்பாட்டை யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையிலும் நல்லூர் வீதியிலும் எங்கள் ஆசிரியர் அறையிலும் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். எல்லோரும் வந்து சேரும் முடிவும் ஒன்றுதான்: சோற்றை இன்னும் குறைப்பது.

குறைக்காதீர்கள். உங்கள் தட்டில் குறைப்பதற்கு இனிச் சோறு இல்லை.

முதல் மாதங்களில் மளமளவென்று இறங்கியது முழுவதும் கொழுப்பு அல்ல. ஈரலிலும் தசையிலும் சேமித்து வைத்திருக்கும் மாச்சத்தின் ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ 3 கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கும். சாப்பாட்டைக் குறைத்ததும் அந்தச் சேமிப்புக் கரைகிறது, நீரும் கூடவே போகிறது. அந்த வேகத்தை அளவுகோலாக வைத்துக்கொண்டு இப்போது உடலைத் திட்டுவது நியாயமில்லை.

அடுத்தது, உடல் சிறுத்தால் அதை நடத்துவதற்கான செலவும் சிறுக்கும். அமெரிக்காவில் கெவின் ஹோல் என்ற ஆய்வாளர் இதைப் பல ஆண்டுகள் கணக்குப் பார்த்தவர். அவரும் கூட்டாளிகளும் 2016இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒவ்வொரு கிலோ குறையும்போதும் உடலின் செலவு நாளுக்கு 20 முதல் 30 கலோரி வரை இறங்குகிறது. பசியோ நாளுக்கு ஏறத்தாழ 100 கலோரி கூடுகிறது. உங்கள் 8 கிலோவுக்குப் போட்டுப் பாருங்கள். செலவில் இறங்கியது 240க்கு மேல் போகாது, பசி இழுக்கும் இழுப்பு 800. எல்லோரும் 'மெற்றபொலிசம்', அதாவது உடல் சக்தியைச் செலவிடும் வேகம், 'படுத்துவிட்டது' என்று அதன் தலையில் பழியைப் போடுகிறார்கள். பெரிய ஆள் பசிதான், அதுவும் சத்தமில்லாமல் வேலை செய்கிற பசி. ஆறு மாதம் கழித்து அகப்பை கொஞ்சம் தாராளமாகச் சாய்வதை யாரும் கவனிப்பதில்லை.

நியூயோர்க்கில் 1992இல் செய்த ஓர் ஆய்வு எனக்கு அடிக்கடி நினைவுக்கு வரும். நாளுக்கு 1,200 கலோரிக்கும் குறைவாகச் சாப்பிட்டும் எடை இறங்கவில்லை என்று சொன்னவர்களை எடுத்து அளந்தார்கள். அவர்களுடைய உடலின் செலவு வழமையாகவே இருந்தது. ஆனால் உண்மையில் சாப்பிட்டதைச் சராசரியாக 47 சதவீதம் குறைத்துச் சொல்லியிருந்தார்கள், அதாவது சொன்னதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு சாப்பிட்டிருந்தார்கள். அவர்கள் பொய்யர்கள் அல்லர். தாங்கள் குறைவாகவே சாப்பிடுவதாக மனதார நம்பியவர்கள்.

இனி உங்கள் அடுப்படிக்கு வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். புட்டை அரைவாசியாக்கினேன் என்கிறீர்கள், உண்மைதான். ஆனால் அந்தப் புட்டுக்குள் தேங்காய்ப்பூ, பக்கத்தில் சம்பல், மேலே சொதி, கூடவே கத்தரிக்காய்ப் பால்கறி. 100 கிராம் தேங்காய்ப்பூவில் ஏறத்தாழ 350 கலோரி இருக்கிறது, அதே நிறைச் சோற்றில் 130 தான். யாழ்ப்பாணத்தில் பிறந்துவிட்டுத் தேங்காய்க்கு எதிராகப் பேசும் துணிவு எனக்கு இல்லை. பால் விடாத சொதியை அத்தான் சொதி என்று ஒப்புக்கொள்ளவும் மாட்டார். ஒரு நேரச் சாப்பாட்டில் தேங்காய் ஓரிடத்தில் மட்டும் இருக்கட்டும், அவ்வளவே. சம்பல் என்றால் அன்று குழம்பு பால் விடாத புளிக்குழம்பு. சொதி என்றால் சம்பல் நாளைக்கு. நல்லெண்ணெயையும் போத்தலைக் கவிழ்த்து விடாமல் மேசைக்கரண்டியால் அளந்து விடுங்கள், ஒரு கரண்டி 120 கலோரி. உப்புப் பார்க்கிறேன் என்று வாய்க்குள் போவதும், பேரப்பிள்ளை மிச்சம் வைத்த றோல்ஸ் துண்டும் எந்தக் கொப்பியிலும் ஏறுவதில்லை. ஒரு கிழமைக்கு மட்டும் அவற்றை எழுதுங்கள். காலம் முழுவதும் எழுதச் சொன்னால் எனக்கே வெறுத்துவிடும்.

பசியோடு மல்லுக்கட்டி வெல்ல முடியாது, அதற்குத் தீனி போட்டுத்தான் அடக்க வேண்டும். காலையில் பாணுக்குப் பதிலாக அவித்த கௌபியோ பயறோ சாப்பிட்டால் பதினொரு மணிக்குக் கை பிஸ்கற் ரின்னைத் தேடாது. மத்தியானம் சோற்றை இப்போதுள்ள அளவிலேயே விட்டுவிட்டு மீனைக் கூட்டுங்கள். சூடை மலிவு, கணவாய் கிடைத்தால் இன்னும் நல்லது, இரண்டும் பொரிக்காமல். கீரையும் முருங்கைக்காயும் தட்டில் பாதியைப் பிடிக்கட்டும். ஒடியல் கூழ் காய்ச்சும் நாளில் தாராளமாகக் குடியுங்கள். நண்டும் இறாலும் பயற்றங்காயும் முருங்கையிலையும் ஒரே சட்டியில் சேரும் சாப்பாடு வேறு என்ன இருக்கிறது? அதற்குப் பிறகு சோறு கேட்காமல் இருந்தால் போதும்.

நடை பற்றி ஒரு சண்டை இருக்கிறது. ஒவ்வொரு மாலையும் அதே வீதியில் அதே வேகத்தில் நடக்கிறீர்கள். எங்கள் ஊர் உள்ளங்கை போலத் தட்டையானது, 8 கிலோ இறங்கிய உடலுக்கு அந்த நடை இப்போது வேலையே அல்ல. பண்ணைக் கடலோரம் போய், சோளகக் காற்றுக்கு முகம் கொடுத்து, பேச்சு கொஞ்சம் தடுமாறும் வேகத்தில் நடந்து பாருங்கள். அம்மா துலாவில் தண்ணீர் அள்ளினார், அம்மியில் அரைத்தார், நீங்களும் நானும் பாடசாலைக்குச் சைக்கிள் மிதித்தோம். இப்போது கிணற்றில் மோட்டர், அடுப்படியில் கிரைண்டர், வாசலில் ஸ்கூட்டி. துலாவுக்குத் திரும்பச் சொல்லவில்லை, ஆனால் சந்தைக்குப் போக ஸ்கூட்டி எதற்கு?

நடையை விட முக்கியமானது தசை. சாப்பாட்டைக் குறைத்து மட்டும் எடையை இறக்கினால் கொழுப்போடு தசையும் போகும். கிழமையில் இரண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அதற்கு ஜிம்முக்குப் போக வேண்டியதில்லை. கதிரையில் இருந்து கை ஊன்றாமல் எழும்புங்கள், திரும்ப இருங்கள், களைக்கும் வரை. தண்ணீர் நிரப்பிய ஒன்றரை லீற்றர் போத்தல்களைக் கைக்கு ஒன்றாகத் தூக்குங்கள். முழங்கால் வலித்தால் உயரமான கதிரை.

தராசில் தினமும் ஏறாதீர்கள். முதல் நாள் கருவாடும் மோர்மிளகாயும் சாப்பிட்டால் மறுநாள் ஒரு கிலோ கூடக் காட்டும், அது உப்புப் பிடித்து வைத்த தண்ணீர். கிழமைக்கு ஒரு காலை போதும். அளவுநாடாவால் இடுப்பைச் சுற்றியும் அளவெடுத்து வையுங்கள். தெற்காசியப் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர்தான் எல்லை என்கிறார்கள். தராசு நிற்க நாடா இறங்கினால் நீங்கள் தேங்கவே இல்லை.

அடுத்த கிளினிக்கில் இரண்டு விடயம் கேளுங்கள். தைரொயிட் பரிசோதனை செய்து எவ்வளவு காலம்? சீனி வருத்தத்துக்குத் தரும் குளிசை எந்த வகை? மெற்போமின் எடையைக் கூட்டாது. கிளிக்லசைட் போன்றவையும் இன்சுலினும் கூட்டக்கூடும். அதற்காக நீங்களாக நிறுத்திவிட வேண்டாம். கிளிக்லசைட் போன்ற குளிசையைப் போட்டுக்கொண்டு கந்தசஷ்டிக்கு ஆறு நாள் விரதம் இருந்தால் சீனி சடாரென்று இறங்கி மயக்கம் வரக்கூடும், டொக்டரிடம் சொல்லாமல் தொடங்காதீர்கள். பக்கத்து வீட்டுக்காரி விற்கிற கொழுப்புக் கரைக்கும் தேநீரை, இன்னும் உடைக்கவில்லை என்றால், திருப்பிக் கொடுங்கள். அப்படியான தேநீரில் பெரும்பாலும் இருப்பது பேதி மருந்து, அதனால் போகிறது தண்ணீர்தான்.

78இல் இத்தனை நாள் நிற்பதும் ஒரு வேலைதான், கூடாமல் வைத்திருக்கிறீர்களே. இன்றிரவு பிஸ்கற் வேண்டாம், மீன் சொதியோடு இரண்டு இடியப்பம் சாப்பிடுங்கள், சம்பலை அத்தானுக்கு விட்டுவிடுங்கள். இல்லை, அதுவும் வேண்டாம். ஆண்களுக்கு எல்லை 90 சென்ரிமீற்றர், அவர் அதைத் தாண்டி வெகுகாலம்.

அன்புடன்,
உங்கள் தங்கச்சி