முந்திரி மரத்திலிருந்து விழாத மாமா

அன்புள்ள பாப்பாவுக்கு,

மஞ்சக்குப்பத்திலிருந்து அம்மா எழுதுவது. பொங்கலுக்கு மறுவாரம், என்னுடன் பிறந்த பண்ருட்டி மாமா முந்திரி மரத்திலிருந்து விழுந்தது உண்மைதானா என்று நீ கேட்டாயே, நாம் பேசியது அதோடு சரி. அதன் பிறகு நீ அப்பாவின் எண்ணுக்கு மட்டுமே அழைக்கிறாய், அதுவும் வெள்ளிக்கிழமை மாலை நான் பாடலீஸ்வரர் கோயிலுக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து. வேலை அதிகம் என்று அப்பா சொல்கிறார். இருக்கலாம்.

ஆராய்ச்சிக்கூடத்தில் முகக்கவசத்தை ஒழுங்காகப் போடுகிறாயா? எலிகளின் சிறுநீரிலும் தோல் பொடுகிலும் உள்ள புரதம் மூச்சில் கலந்து, நாளடைவில் ஒவ்வாமையும் ஆஸ்துமாவும் வரக்கூடும் என்று சொன்னவளே நீதான். சென்ற முறை வந்தபோது இரவெல்லாம் தும்மிவிட்டுக் கடற்காற்று என்றாய். கடலூரில் பிறந்தவளுக்குக் கடற்காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்றால் யார் நம்புவார்கள்? கூண்டுகளின் மரத்தூளைக் கொட்டும்போதாவது முகக்கவசத்தை மூக்குக்குக் கீழே இறக்காதே.

பெண் என்ன வேலை செய்கிறாள் என்று கேட்பவர்களிடம் பெங்களூரில் ஆராய்ச்சிக்கூடத்தில் என்பதோடு நிறுத்திக்கொண்டு வந்தேன். எலி வளர்க்கிறாள் என்று சொல்ல நாக்கு எழவில்லை. இப்போது முழுமையாகவே சொல்கிறேன். 1984-இல் முதன்முதலாக விவரிக்கப்பட்ட எம்.டி.எக்ஸ். என்ற வகைச் சுண்டெலிகள், தசைச்சிதைவு நோய் வந்த நம் தம்பியைப் போலவே, தசையைக் காக்கும் டிஸ்ட்ரோபின் என்ற புரதம் இல்லாமல் பிறப்பவை என்றும், குட்டிகளை 21 நாளில் தாயிடமிருந்து பிரித்து, ஆண் பெண் தனித்தனிக் கூண்டில் விட்டு, காதில் துளையிட்டு அடையாளம் வைத்து, கம்பி வலையை அவை எவ்வளவு வலுவாகப் பற்றுகின்றன என்று என் மகள் அளக்கிறாள் என்றும் எதிர்வீட்டு ஆசிரியைக்கு அரைமணி நேரம் விளக்கினேன். தானே புயல் கரையேறிய அந்த 2011 டிசம்பர் விடியலில், பன்னிரண்டு வயதுத் தம்பியை முதுகில் சுமந்து மாடிவீட்டுக்குக் கொண்டுபோனவள் வேறு எந்த வேலைக்குப் போயிருப்பாள்?

ஆனால் அந்த எலிகள் இந்த நோயுள்ள பையன்களைப் போல் சீக்கிரம் நடை இழப்பதில்லை, மூச்சை இழுக்கும் தசையான உதரவிதானம்தான் அவற்றுக்கு மற்றத் தசைகளைவிட மோசமாகக் கெடுகிறது என்று நீ சொன்ன அன்று, அடுப்பில் பால் இருக்கிறது என்று போனை வைத்துவிட்டேன். பால் எதுவும் இல்லை. தம்பியின் கடைசி மாதம் முழுவதும் நாம் இருவரும் மாறி மாறி விழித்திருந்து கேட்டது அந்த மூச்சைத்தானே.

எலிகளை முடித்துத் தசையை உறையவைக்கும் நாட்களில் பட்டினி கிடக்காதே. முகக்கவசத்தையும் மறக்காதே.

பொங்கலுக்குப் பிறகு நீ கேட்டதற்கு வருகிறேன். மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். பண்ருட்டி மாமா முந்திரி மரத்திலிருந்து விழவில்லை. அவனால் மரம் ஏற முடிந்ததே இல்லை. ஐந்து வயதிலேயே குதிகால் ஊன்றாமல் நுனிக்காலில் நடந்தான். கெண்டைக்கால் இரண்டும் பருத்திருந்ததைப் பார்த்துப் பயில்வான் கால் என்று தாத்தா பெருமைப்பட்டார். தரையில் கைகளை ஊன்றி, முழங்காலைப் பிடித்து, தொடையைப் பிடித்து, தன் உடம்பின் மேலேயே ஏறுவதுபோல் எழுந்திருப்பான். உன் தம்பி அப்படி எழுந்த முதல் நாளே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும், சோம்பேறி என்று அவன் முதுகில் அடித்தேன், அது வேறொன்றாக இருக்கட்டும் என்று.

புதுச்சேரியில் மருத்துவர், உங்களுடன் பிறந்த ஆண்களில் யாருக்காவது இந்த நோய் இருந்ததா என்று கேட்டபோது உன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இல்லை என்றேன். மூன்றில் ஒரு பங்குக் குழந்தைகளுக்கு இது குடும்பத்தில் இல்லாமல் புதிதாகவே தோன்றுவதுண்டு என்று அவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு இத்தனை ஆண்டுகள் ஓட்டிவிட்டேன். எங்கள் வம்சத்தில் இப்படி ஒருவரும் இல்லை என்று உன் அப்பாவைப் பெற்ற ஆயா சொன்னபோதெல்லாம் எங்கள் வம்சத்திலும் இல்லை என்று நிமிர்ந்து நின்றேன். ஓர் எலிக்குக்கூடத் தாய் எது, தந்தை எது என்று கூண்டு அட்டையில் எண் குறித்து வைக்கிறாய் நீ. உன்னுடைய அட்டையில் நான் பொய் எழுதிவிட்டேன்.

நீயும் இந்த மரபணுக் குறையை என்னிடமிருந்து பெற்றுச் சுமக்கும் வாய்ப்பு சரிபாதி என்பது என்னைவிட உனக்கு நன்றாகத் தெரியும். ஒருவேளை நீ ஏற்கெனவே பரிசோதனை செய்துகொண்டு, அதை என்னிடம் சொல்லப் பிடிக்காமல்தான் மௌனமாக இருக்கிறாயோ என்று இரவில் தோன்றுகிறது. செய்யவில்லை என்றால் செய்துகொள். வரன் பேச்சுக்காக இதைச் சொல்லவில்லை. சுமக்கும் பெண்களில் சிலருக்கு இதயத் தசையும் தளரும் என்பதால் சொல்கிறேன். நான் போன வாரம் எக்கோ எடுத்துக்கொண்டேன், பயப்படும்படி ஒன்றுமில்லை. நீயும் எடுத்துக்கொள்.

என் அம்மாவுடன் பிறந்தவர்கள், அவர்களுடைய பிள்ளைகள், யார் எந்த வயதில் போனார்கள் என்று நினைவில் இருப்பதையெல்லாம் தனித்தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். சித்தியின் இரண்டு பெண்களுக்கும் தெரிய வேண்டும். அதை நானே நேரில் போய்ச் சொல்கிறேன், உன்மேல் சுமத்த மாட்டேன். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. உனக்குச் சொல்லிவிட்டுத்தான் அவருக்கு என்று இருக்கிறேன்.

வரும் வெள்ளிக்கிழமை நான் கோயிலுக்குப் போகவில்லை. மாலையில் வீட்டில்தான் இருப்பேன்.

அன்புடன்,
அம்மா